சஹன் வைத்து வாசித்த வரலாறு

வரலாறு கற்பிப்பதற்கு வேண்டிய தகுதிகள் யாவும் மர்ளியாவிடம் இருந்தன. கற்பிக்கும் வேலை ஒன்றுதான் இல்லை. பல்கலைக்கழகப் பட்டத்துக்கு வெளிவாரியாகப் படித்து, வரலாற்றில் இரண்டாம் வகுப்புச் சித்தி பெற்றவள். ஆசிரியர் நியமனத்துக்கான போட்டிப் பரீட்சைகளை விடாமல் எழுதினாள். கடைசியாக எழுதப் போனபோது, மண்டபத்தில் வினாத்தாள் கொடுத்துக்கொண்டு நின்ற ஆசிரியை அவளோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். "இன்னும் எழுதுறியா புள்ள?" என்று அந்தத் தோழி அன்போடுதான் கேட்டாள். அந்த அன்பைத் தாங்கமாட்டாமல் மர்ளியா அடுத்த முறை விண்ணப்பிக்கவில்லை. பிறகு வயதெல்லை கடந்தது. வயதெல்லை கடந்த படிப்பாளிகளுக்கென்று பிரதேச சபை சில பதவிகளை வைத்திருக்கிறது. அவற்றுள் ஒன்று, பள்ளிவாசல்துறைக்கு அப்பால் களப்போரமாக இருந்த ஒரு சிற்றூரின் வாசிகசாலைப் பொறுப்பு. ஊர் அவளை அக்கா முறை வைத்து 'லைப்ரரி ராத்தா' என்று அழைத்தது. 'டீச்சர்' என்று ஒருவரும் அழைக்கவில்லை.

வேலை கிடைக்காத அறிவு சும்மா இருப்பதில்லை. கடையில் பாண் வாங்கப் போனால், அந்தச் சொல் எந்த நாட்டுக் கப்பலில் ஏறி இந்தக் கரைக்கு வந்தது என்பதை முதலாளி அறிந்துகொண்ட பிறகே பாணுக்குக் காசு கிடைக்கும். அவளுடைய கணவன் ஃபஸ்லான் உப்பளத்தில் மேற்பார்வையாளன். "கறியில உப்புக் கூடிப்போச்சி" என்று அவன் ஒரு நாள் சொன்னதற்கு, ஒல்லாந்தர் இந்தக் கரையின் உப்பை எவ்வாறு தம் கைக்குள் வைத்திருந்தனர் என்ற விளக்கம் சோறு ஆறும்வரை நடந்தது. அன்றிலிருந்து கறி எப்படி இருந்தாலும் அவன் வாய் திறப்பதில்லை.

வாசிகசாலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் பத்திரிகை வாசிக்கும் ஆண்கள். அவர்களுள் அபூசாலி நிரந்தரமானவர். பள்ளிவாசல் கந்தூரி என்றால் பந்தி நடத்துவது அவர்தான். கந்தூரி இல்லாத நாட்களில், அதாவது ஆண்டின் பெரும்பகுதியில், மின்விசிறிக்குக் கீழே இருந்த கதிரையில் அவரைக் காணலாம்.

இப்படியிருக்க, வார இறுதியில் சிறு பிள்ளைகளுக்கும் குடும்பத்தாருக்கும் வரலாற்று வாசிப்பு நடத்தும்படி மேலிடத்திலிருந்து அறிவித்தல் வந்தது. சபையின் எழுதுவினைஞர் தொலைபேசியில் அதை எளிமைப்படுத்திச் சொன்னார்.

"குடும்பத்தோட ஆக்கள் வந்தா நடக்கும். அதப் பார்க்க ஒரு மெடம் வருவாங்க. ஆள் இல்லாட்டி சனிக்கிழமையில மண்டபம் சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சிக்குப் போயிரும். நீங்க சனிக்கிழமையில டவுனுக்கு வந்து, ஆக்கள் வீட்டுக்குக் கட்டுற சோலைவரிய எடுக்கிற இடத்தில இருக்க வேண்டி வரும்."

மர்ளியா தொலைபேசியை வைத்தாள். நாற்பத்தாறு வயதில் முதன்முறையாக, வாரத்தில் ஒரு காலைப்பொழுது, அவள் நின்றபடி வரலாறு சொல்லலாம். அதைக் கேட்பதற்கென்றே சிலர் எதிரில் இருப்பார்கள். அவளுடைய ஆயுளில் அரசாங்கம் கொடுத்த நன்கொடை அது ஒன்றுதான். அதைச் சோலைவரிக்குப் பறிகொடுப்பதில்லை என்று தீர்மானித்தாள்.

அறிவித்தல் தந்த திணைக்களம் ஒரு படப் புத்தகத்தை அனுப்பியிருந்தது. பெரிய எழுத்து, வழுவழுப்பான தாள். கற்பிட்டிக் கோட்டை, உப்பு, முத்துக்குளிப்பு, தலவிலத் திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போனவர்கள் என்று ஒவ்வொரு பக்கமாகப் போய், தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளம் வந்தவர்களோடு அது முடிந்தது. நல்ல புத்தகம். ஐந்தே ஐந்து பிரதிகள் வந்திருந்தன.

முதற் சனிக்கிழமை கதிரைகளை வரிசையாகப் போட்டாள். ஊர்க்காரர்கள் மின்விசிறிப் பக்கமாகவும், மன்னாரிலிருந்து வந்து குடியேறியவர்கள் கதவுப் பக்கமாகவும் அமர்ந்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளாக எந்தக் கூட்டத்திலும் அப்படித்தான். யாரும் யாரையும் அங்கே போ என்று சொன்னதில்லை. புத்தகம் முதல் வரிசையோடு தீர்ந்தது. பின்வரிசைப் பிள்ளைகள் முன்வரிசைப் பிள்ளைகளின் பிடரியை வாசித்தார்கள். ஒல்லாந்தர் கரையிறங்குவதற்கு முன்னமே பாதிப்பேர் எழுந்து போய்விட்டனர். அடுத்த சனிக்கிழமை மின்விசிறிக்குக் கீழே அபூசாலி மட்டும் இருந்தார். அவரும் பத்திரிகைக்கு வந்தவர்.

"ராத்தா, கோவிக்காதீங்க. ஒங்களுக்குப் பந்தி நடத்தத் தெரியல்ல," என்றார் அவர்.

"இது பந்தியா அபூசாலி நானா?"

"பின்ன என்ன? சாமான் கொஞ்சம், ஆள் கூட. அதுக்குத்தானே சஹன் ஈக்கி."

ஒரு பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து, மூத்தவர் பக்கமாக இறைச்சியை வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து உண்பது சஹன். ஆறு பேர் சேராமல் சோற்றில் கை வைப்பது முறையல்ல. ஆள் குறைந்தால், தெருவில் போகிறவரையும் அழைத்து இருத்துவார்கள். அழைக்கப்பட்டவர் மறுப்பதும் முறையல்ல. மர்ளியா யோசித்தாள். ஐந்து புத்தகம், ஆறாறு பேர். கணக்கு அழகாக இருந்தது. முறையாகப் படித்தவர்களை ஏமாற்றுவதற்கு அழகான கணக்கு ஒன்று போதும்.

மூன்றாம் சனிக்கிழமை கதிரைகள் சுவரோரம் போயின. மண்டபத்தில் பாய்கள் விரிந்தன. வாப்பாமாருக்கு முன்பக்கம் மூன்று சஹன்; உம்மாமாருக்கு அலுமாரிக்கு அந்தப் பக்கம் இரண்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் சோற்றுக்குப் பதிலாக ஒரு புத்தகம். அபூசாலி வாசலில் போய் நின்று, கந்தூரியில் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டார்.

"சஹனுக்கு ரெண்டு பேர் குறையிது. வாங்க, வாங்க. புள்ளயையும் கூட்டிட்டு வாங்க."

கடல் கொந்தளிக்கும் மாதம் அது. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. ஆண்கள் வேலையின்றித் தெருவில் நின்றார்கள். அந்தக் குரலுக்குப் பழகிய கால்கள் தாமாகவே உள்ளே வந்தன. தென்னந்தோட்ட முதலாளி செய்னுலாப்தீன் ஹாஜியார் பேரனைக் கையில் பிடித்தபடி கடைக்குப் போய்க்கொண்டிருந்தவர், மறுக்க வழியின்றி ஒரு சஹனில் வந்து அமர்ந்தார். அந்தச் சஹனுக்கு இன்னும் இருவர் தேவைப்பட்டனர். சீமெந்துக் கடை இன்சாப் ஆறு வயது மகள் இல்மாவோடு வந்து எதிர்ப்பக்கத்தில் இருந்தான். மன்னாரில் பிறந்தவன். அவன் கடையில்தான் ஹாஜியார் நெடுங்காலமாகச் சீமெந்து வாங்குகிறார். இருவரும் ஒரே பாயில் இருந்தது அன்றுதான். அலுமாரிக்கு அந்தப் பக்கம் ஜெய்னம்பு என்பவள் கையைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். புத்தகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியதை மர்ளியா கவனித்து, அடுத்த வாரத்திலிருந்து தேநீரும் பணிஸும் ஏற்பாடு செய்தாள்.

அதன் பிறகு மண்டபம் நிறைந்தது. நல்லிணக்கத்துக்காக அந்த ஊரில் நடந்த பட்டறைகள் பல. எல்லாவற்றிலும் கதிரைகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் மின்விசிறிப் பக்கமும் கதவுப் பக்கமும் இருந்தன. ஆறு பேர் சேராமல் தொடங்கக்கூடாது என்ற ஒரே காரணத்தால் இங்கே பக்கங்கள் இல்லாமற் போயின. மர்ளியா தனக்கென்று கொப்பியில் எழுதி வைத்த பிரதியைக் கையில் பிடித்தபடி பாய்களுக்கிடையே நடந்து உரத்து வாசிப்பாள். பிறகு ஒவ்வொரு சஹனும் தனக்குள் வாசிக்கும். குனிந்த தலைகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் நிறைந்தது. கவனம் என்று அதை எண்ணினாள்.

கடைசிப் பக்கத்துக்கு வந்த அன்று ஹாஜியாரின் சஹனில் குரல் உயர்ந்தது.

"'வந்தவர்கள்' எண்டு தலைப்புப் போட்டீக்கி. அப்ப மத்தவங்க யாரு? முளைச்சவங்களா?" என்றார் ஹாஜியார். "நாங்களும் வந்தாக்கள்தான். அரபு நாட்டிலீந்து கப்பல்ல. என்ன, கொஞ்சம் முந்தி."

"எவ்வளவு முந்தி, ஹாஜியார்?" என்று கேட்டான் இன்சாப்.

"ஒரு ஆயிரம் வருஷம் வரும்."

"கப்பலில சாமானோட வந்தனீங்களா?"

"பின்ன? யாவாரத்துக்கு வந்த ஆக்கள்."

"நாங்கள் உடுத்த உடுப்போட வந்தனாங்கள். அதுதான் வித்தியாசம். மற்றும்படி நாங்கள் உங்களுக்குத் தம்பி முறை."

ஹாஜியார் யோசித்தார். "தம்பி எண்டா சீமெந்து விலையக் கொறைக்கணுமே."

"அண்ணன் எண்டா கேட்கக்கூடாதே."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மர்ளியா சிரிக்கவில்லை, ஆயிரம் வருடத்துக்குச் சான்று இருக்கிறதா என்று கேட்கத் துடித்த நாக்கை அடக்கிக்கொண்டு நின்றாள்.

பார்வையிட வந்த மெடத்தின் பெயர் யூஜீனியா. சிலாபத்திலிருந்து பேருந்தில் வந்தார். நிறைந்த மண்டபத்தைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். வேறு இடங்களில் அவர் கண்டவை கதிரைகளும் பொறுப்பாளரின் சொந்தப் பிள்ளைகளும்தாம்.

"ஹரி, ஹரி. மிச்சம் சந்தோசம்," என்று சிங்களமும் தமிழுமாகச் சொன்னார். "இனிப் பிள்ளைகள் ஒவ்வொருவரா வந்து வாசிக்கட்டும்."

முதலில் ஹாஜியாரின் பேரன் வந்து பிழையின்றி வாசித்தான். அடுத்து இல்மா வந்தாள். மேசைமேலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். இரு கைகளாலும் பக்குவமாக எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒல்லாந்தர் கோட்டை கட்டிய பக்கத்தை ஆற்றொழுக்காக வாசித்து முடித்தாள். யூஜீனியா புத்தகத்தை நேராக்கினார். இல்மா மரியாதையோடு மறுபடியும் தலைகீழாக்கினாள்.

"மகள், ஸ்கூல்லயும் இப்படியா வாசிக்கிற?"

"இல்ல மிஸ். அது வேற புத்தகம். அது நேரா இருக்கும்," என்றாள் இல்மா. "இந்தப் புத்தகம் இப்பிடித்தான்."

அடுத்து வந்த சிறுவன் புத்தகத்தைப் பக்கவாட்டில் வைத்து, பலகையின் வளைவைப் பார்க்கும் தச்சனைப்போலத் தலையைச் சாய்த்து வாசித்தான். அவனுக்கு அடுத்தவன் மறுபக்கம் சாய்த்தான்.

மர்ளியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. சஹனில் இருப்பவருக்கு உம்மாவும் வாப்பாவும் முதலில் சொல்லிக் கொடுப்பது ஒன்றே: உன் முன்னால் இருப்பதை எடு, மற்றவன் பக்கம் கை நீட்டாதே, தாம்பாளத்தைத் திருப்பாதே. புத்தகம் மூத்தவரின் முகத்தைப் பார்த்து வைக்கப்பட்டது. அவர் பக்கத்தைப் புரட்டினார். எதிரே இருந்த பிள்ளைகள் ஒழுக்கம் தவறாமல், தமக்குக் கிடைத்த கோணத்திலிருந்து வரலாற்றை உண்டார்கள். குடும்பங்கள் வாராவாரம் அதே இடத்தில் அமர்ந்தன. எழுந்து நின்று வாசித்துக்கொண்டிருந்த அவள் ஒருத்தியைத் தவிர, அந்த மண்டபத்தில் பாதிப்பேருக்குக் கற்பிட்டிக் கோட்டை கூரையில் நின்றது.

ஹாஜியார் உதவிக்கு வந்தார். "மெடம், வரலாறு எண்டா எல்லாப் பக்கத்தாலயும் பார்க்கத்தானே வேணும்."

"அது பேச்சு, ஹாஜியார்," என்றார் யூஜீனியா. "பிள்ளை புத்தகம் பிடிக்கப் பழக வேணும்." பிறகு மர்ளியாவின் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துச் சொன்னார்: "உங்களில பிழை இல்ல. இவ்வளவு சனத்துக்கு அஞ்சு புத்தகம் எப்படிப் போதும்? நான் எழுதி அனுப்புறேன். இந்த வேலை நிக்கக்கூடாது. ஆனா அடுத்த தரம் வந்து பார்த்துத்தான் நிரந்தரமாக்கலாம்."

அரசாங்கக் காரியங்களில் அரிதாக நிகழ்வது நிகழ்ந்தது. கேட்டது வந்தது, கேட்டதைவிடக் கூடவும் வந்தது. நாற்பது புத்தகங்களும் பிளாத்திக்குக் கதிரைகளும் ஒரு கரும்பலகையும் லொறியில் வந்திறங்கின. மர்ளியா அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. சனிக்கிழமை காலையில் கதிரைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் மீதும் ஒரு புத்தகத்தை நேராக வைத்து, பலகையில் திகதி எழுதினாள். அது வகுப்பறையேதான். இருபது ஆண்டுகளாக அவள் கனவில் வந்த அதே வகுப்பறை.

எல்லோரும் வந்தார்கள். மின்விசிறிப் பக்கம் மின்விசிறிப் பக்கமாயிற்று. கதவுப் பக்கம் கதவுப் பக்கமாயிற்று. ஆளுக்கொரு புத்தகம் இருந்தபடியால் வாசலில் நின்று அழைப்பதற்கு அபூசாலிக்குக் காரணம் இல்லை. அவர் பத்திரிகைக்குத் திரும்பினார். ஹாஜியார் தன் பிரதியை விறுவிறுவென்று புரட்டி, "முடிஞ்சி" என்று மூடினார். பேரனை எழுப்பிக்கொண்டு போனார். சிலர் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிப்பதாகச் சொன்னார்கள். புத்தகங்கள் போயின, ஆட்களும் போயினர். அடுத்தடுத்த வாரங்களில் கதிரைகள் முழு எண்ணிக்கையில் வந்திருந்தன. இல்மா மட்டும் தகப்பனின் கடைப் பையன் சைக்கிளில் கொண்டுவந்து விட, தனியே இருந்து, புத்தகத்தை நேராகப் பிடித்து வாசித்தாள்.

"வாப்பா வரல்லையா?" என்று கேட்டாள் மர்ளியா.

"கதைக்க ஆள் இல்லையாம்."

யூஜீனியா மறுபடியும் வருவதாகத் தகவல் வந்தது. சபையின் எழுதுவினைஞர் சோலைவரி மேசையைத் துடைத்து வைத்திருப்பதாக வேடிக்கையாகச் சொன்னார். மர்ளியா அன்று வீட்டில் எதுவும் பேசவில்லை. அது ஃபஸ்லானுக்கு அச்சத்தை உண்டாக்கியது. சோற்றைப் பிசைந்தபடி அவனாகவே கேட்டான்.

"என்ன, ஒல்லாந்தர் போயிட்டாங்களா?"

"புத்தகம் கூடினா ஆள் கூடும் எண்டு நெனச்சேன். புத்தகம் வந்தோடன ஆள் போயிட்டு."

"போகாம? கந்தூரியில ஆளுக்கொரு பார்சல் கட்டிக் குடுத்துப் பாரேன். யாரு குந்தி இருப்பா? பார்சல வாங்கிட்டு வீட்டுக்குத்தான் போவாங்க."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்கு வரலாறு சொல்லிக்கொண்டே கழிந்த திருமண வாழ்வில், அவன் அவளுக்குச் சொன்ன முதற்பாடம் அது. சொன்னவன் அதை அறியாமல் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் மர்ளியா வீடு வீடாகப் போனாள். "புத்தகங்கள எண்ணணும், மெடம் வாறாங்க," என்று சொல்லி ஒவ்வொன்றாக வாங்கினாள். எண்ணவும் செய்தாள், பொய் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. எண்ணியவற்றை அலுமாரியில் அடுக்கிப் பூட்டினாள். பழைய ஐந்து மட்டும் வெளியே இருந்தன. கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்கட்டில் ஏற்றி வைத்தாள். பலகையை மட்டும் அகற்ற மனம் வரவில்லை. சுவரோடு சாத்தி, அதன்மேல் பாயைக் காயப்போட்டிருப்பதுபோல ஒரு பாயைத் தொங்கவிட்டாள். தன் கனவின்மேல் தன் கையாலேயே பாய் போடுகிறோம் என்ற எண்ணம் வந்தது. அதையும் மடித்து வைத்துவிட்டு, பணிஸுக்குச் சொல்லியனுப்பினாள்.

சனிக்கிழமை அபூசாலி வாசலில் நின்றார்.

"சஹனுக்கு மூணு பேர் குறையிது. வாங்க, வாங்க."

செய்னுலாப்தீன் ஹாஜியார் வந்தார். இன்சாப் கடையை உதவியாளிடம் விட்டுவிட்டு வந்தான். ஹாஜியார் தன் வழமையான இடத்தில் அமர்ந்து, புத்தகத்தைத் தன் முகத்துக்கு நேராக இழுத்துக்கொண்டார்.

"ஹாஜியார், ஒரு பக்கம் முடிஞ்சா புத்தகத்த அடுத்த ஆளுக்குத் திருப்பிவிடுங்க," என்றாள் மர்ளியா.

அவர் முகம் சுருங்கியது. "என்ன புள்ள இது? சஹன யாரும் திருப்புறதா? முன்னால ஈக்கிறத எடுக்கிறதுதான் முறை."

மர்ளியாவிடம் இதற்கு வரலாற்றுச் சான்று எதுவும் இருக்கவில்லை. அபூசாலிதான் வாசலிலிருந்து தீர்ப்புச் சொன்னார்.

"சஹனத் திருப்பத் தேவல்ல, ஹாஜியார். எறச்சி யாரு பக்கம் ஈக்கி? மூத்தவர் பக்கம். அவர் தன்ட கையால மத்தவங்க பக்கம் தள்ளி வெக்கல்லண்டா அது என்ன மூத்தவர்?"

மண்டபம் ஹாஜியாரைப் பார்த்தது. கந்தூரியில் இறைச்சியைத் தள்ளி வைக்காத மூத்தவர் என்ற பெயரை அந்தக் கரையில் யாரும் சுமந்து வாழ முடியாது. அவர் ஒல்லாந்தர் பக்கத்தை உரத்து வாசித்து முடித்து, புத்தகத்தை இரண்டு விரல்களால் பக்கத்திலிருந்தவன் முன், அவன் முகத்துக்கு நேராக, நகர்த்தினார். அவன் வாசித்து இன்சாபுக்கு நகர்த்தினான். இன்சாபிடமிருந்து இல்மாவுக்கு வந்தது. அவள் முத்துக்குளிப்பு வரைக்கும் போய்விட்டாள், யாரும் நிறுத்தவில்லை. தம் முறைக்காகக் காத்திருந்தவர்கள், காத்திருக்கும் நேரத்தில் கதைத்தார்கள். அந்தக் கதையில் ஆயிரம் வருடம் ஆயிரத்து இருநூறு ஆயிற்று.

யூஜீனியா வந்தபோது மண்டபத்தில் கால் வைக்க இடம் இல்லை. பிள்ளைகள் புத்தகத்தை நேராக வைத்து வாசித்தார்கள். அவர் மகிழ்ந்து போனதில், மற்றப் புத்தகங்கள் எங்கே என்று கேட்க மறந்தார். சில வாரங்களில் திட்டம் நிரந்தரமாக்கப்பட்டது. நாற்பது புத்தகங்கள் வழங்கியதன் பயனாக அந்த ஊரில் வாசிப்பு வளர்ந்துள்ளதென்றும், ஏனைய ஊர்களும் இதனைப் பின்பற்றலாம் என்றும் சபையின் ஆண்டறிக்கை குறிப்பிட்டது. மர்ளியா அதை வாசிகசாலைக்கு வந்த பிரதியிலேயே வாசித்தாள். எழுதப்பட்ட சான்றுகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுபற்றிப் பல்கலைக்கழகப் பரீட்சையில் அவள் எழுதிய விடைக்கு நல்ல புள்ளி கிடைத்திருந்தது. இருந்தும், அது இவ்வளவு உண்மை என்று அவள் அப்போது நம்பியிருக்கவில்லை.

யூஜீனியா சிலாபத்திலிருந்து தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார்.

"மர்ளியா, திணைக்களத்தில இன்னும் காசு மிஞ்சியிருக்கு. வருசக் கடைசிக்குள்ள முடிக்க வேணும். இன்னும் அறுபது புத்தகம் அனுப்பவா?"

மர்ளியா அலுமாரியைப் பார்த்தாள். பிறகு பாய்களைப் பார்த்தாள். ஹாஜியாரும் இன்சாபும் வாசிப்பு முடிந்தும் எழும்பாமல், யாருடைய கப்பல் முந்தியது என்று இன்னும் தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தாராளமா ஈக்கி மெடம்," என்றாள். "இனி அனுப்ப வேணாம்."